பெல்மாரியில் பதினேழு பேர்

சுற்றுலாக் கப்பல் வருகிற நாளில் வின்ஃபீல்ட் மோடெஸ்ட் தன் வண்டியில் உள்ளூர்க்காரர் ஒருவரையும் ஏற்றமாட்டார். கொட்டுகிற மழையில் நின்று கை காட்டினாலும் நிறுத்தமாட்டார். கிரெனடாவில் இது லேசுப்பட்ட குற்றமில்லை. வழியில் நிற்கிறவரை ஏற்றிக்கொள்ளாத வண்டிக்காரனை எங்கள் ஊரில் மனுஷக் கணக்கில் சேர்ப்பதே கிடையாது. போன வருடம் அவருடைய சொந்தத் தம்பி மருமகள், நிறைமாதக்காரி, மேட்டுப் பாதையில் மூச்சுவாங்கிக்கொண்டு கை காட்டினாள். மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே ரம் கடையில் பேச்சு எழுந்தது.

"வின்னி வண்டியில வெள்ளைக்காரனும் பேயும்தான் போகலாம்டா. நமக்கெல்லாம் இடமில்ல."

"பேய்க்கு மட்டும் ஜன்னல் சீட்டாம்!"

கடையே சிரித்தது. வின்ஃபீல்ட் அங்கேதான் மூலையில் உட்கார்ந்திருந்தார். கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். சிரித்தவர்களுக்கும் காரணம் தெரியும். தெரிந்தேதான் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் அப்படித்தான், புண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் விரலை வைப்பார்கள்.

ஒரு காலத்தில் அந்த வண்டியில் ஏறாத ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. மீன் கூடை ஏறும், ஜாதிக்காய் மூட்டை ஏறும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மொத்தமும் ஏறும். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம், கப்பலிலிருந்து பதினேழு பேரைப் பெல்மாரி கடற்கரைக்கு அழைத்துப்போனார். வடக்கே பெருங்கடலைப் பார்த்த கரை அது. கரையை ஒட்டிப் பாறை வரிசை ஒன்று சுவர் மாதிரி ஓடும். பாறைக்கு இந்தப் பக்கம் குழந்தைகூடக் குளிக்கலாம். அந்தப் பக்கம் போனால் இழுத்துக்கொண்டு போய்விடும். எல்லோரிடமும் சொல்வதுபோல் அன்றைக்கும் சொன்னார். தனியாக வந்திருந்த ஹால்வர்சன் என்ற எழுபது வயதுக்காரர் மட்டும் கவனமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மதியம் வின்ஃபீல்டின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் தின்ற உப்புமீனிலும் ‘பேக்’ என்கிற பொரித்த ரொட்டியிலும் ஒரு வாய் வாங்கித் தின்றுபார்த்தார். நல்ல மனுஷர்.

இரண்டரைக்குக் கிளம்ப வேண்டும். ரோட்டோரத்தில் ஓலைத் தொப்பியும் கறிப்பலாக் கூடையுமாக டான்டி மெர்ல் நின்றிருந்தாள். அவருக்கு அத்தை முறை.

"வின்னி, டவுன் வரைக்கும் என்னையும் ஏத்திக்கடா. வெயில் மண்டையப் பொளக்குது."

"ஏறு டான்டி. பின்னாடி போயி உக்காரு."

சொல்லிவிட்டு, காலில் மணலைக் கழுவிக்கொண்டிருந்த பயணிகளை விரட்டப் போனார். பிறகு தன் இருக்கையில் ஏறி, கண்ணாடியில் தொப்பிகளை எண்ணினார். பதினேழு. வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் துறைமுகத்தில் கப்பல் கிளம்பும் நேரத்தில்தான் ஹால்வர்சன் இல்லை என்பது தெரிந்தது. கண்ணாடியில் பதினேழாவதாக எண்ணியது டான்டியின் ஓலைத் தொப்பியை. கப்பல்காரர்கள் பெயர்ச் சீட்டைப் புரட்டி, தகவல் சொல்லி, போலீஸ் பெல்மாரி போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. கரையில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. ஆள் மறுநாள் காலையில் பாறைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினார். இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் உயிர் போயிருக்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வின்ஃபீல்டின் லைசென்ஸை ஆறு மாதம் பிடித்து வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். டான்டி மெர்ல் அதற்கப்புறம் சாகும்வரை எந்த வண்டியிலும் ஏறவில்லை. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனாள்.

வின்ஃபீல்டுக்கு டாக்டர் சொன்ன அந்த இரண்டு மணிதான் பிடிமானம். இரண்டு மணிக்கே முடிந்திருந்தால், அவர் சரியாக எண்ணியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இரண்டே முக்கால் என்றால் அந்த உயிர் அவர் தலையில். இரண்டு மணிதான், இரண்டு மணிதான் என்று பதினோரு வருடமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனாலும் கண்ணாடியில் எண்ணினால் ஒன்று கூடுதலாக வந்தது. பதினாறு பேர் ஏறினால் பதினேழு. பதினேழு ஏறினால் பதினெட்டு. திரும்பிப் பார்த்தால் கடைசி ஜன்னல் இருக்கை காலியாக இருக்கும். கையை வைத்துப் பார்த்தால் ஈரமாக இருக்கும். அவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர் இல்லை. கடைசியில் கண்ணாடியை விட்டுவிட்டு, வாசலில் நின்று ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, பெயர் சொல்லி ஏற்றுவார். பயணிகள் அதை ஏதோ தீவு வழக்கம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். துறைமுகத்தில் எல்லோரும் இறங்கின பிறகு, பின்பக்கம் திரும்பாமலே, "ஐயா, எடம் வந்தாச்சு, எறங்குங்க" என்பார். கொஞ்ச நேரம் விட்டுத்தான் கதவைச் சாத்துவார். பயம் என்று சொல்ல முடியாது. ஒரு மரியாதைதான்.

போன செவ்வாய்க்கிழமை பெல்மாரியில், பயணிகள் குளித்துக்கொண்டிருந்தபோது, ஜெஸ்டினா அவரைக் கூப்பிட்டாள். இருபது வருடமாக அந்தக் கரையில் சாய்வு நாற்காலி வாடகைக்கு விடுகிறவள்.

"வின்னி, வியாழக்கிழமை நான் பொண்ணுகிட்டப் போறேன், புரூக்ளினுக்கு. இனி வரமாட்டேன்."

"நல்லதாப் போச்சு. குளிர்ல வெறைச்சுப் போயி எங்க அருமை தெரியட்டும்."

அவள் சிரிக்கவில்லை. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேன்னு போலீஸ்ல சொன்னேன்ல. போகல."

வேண்டாம், சொல்லாதே என்பதுபோல் வின்ஃபீல்ட் கையைத் தூக்கினார். அவள் நிறுத்தவில்லை.

"உன் வண்டி வளைவு திரும்பினப்புறம் அந்த மனுஷன் புதர் மறைவுல இருந்து வந்தாரு. துணி மாத்தப் போயிருந்தாரு போல. பஸ் போயிடுச்சான்னு கேட்டாரு. நான்தான், ஒக்காருங்க, ஆளு கொறையுதுன்னு தெரிஞ்ச ஒடனே திரும்பி வந்துடுவாங்கன்னு சொன்னேன். ஒரு நாற்காலியும் போட்டுக் குடுத்தேன்."

"திட்டினாரா?"

"இல்ல. அந்த டிரைவர் நல்ல ஆளு, வந்துடுவாருன்னாரு."

ஜெஸ்டினா கையிலிருந்த நாற்காலியை மடக்கினாள்.

"நாலு மணி பஸ்ஸுக்கு நான் கெளம்பும்போதும் ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. கை ஆட்டினேன். அவரும் ஆட்டினாரு. வெக்கை தாங்காம அப்புறம் தண்ணியில எறங்கியிருப்பாரோ என்னவோ. நான் கூட இருந்திருக்கலாம், வின்னி. போயிட்டேன்."

"இத்தன வருஷம் சொல்லாதவ இப்ப ஏன் சொல்ற?"

"இதையும் தூக்கிக்கிட்டு பிளேன் ஏற முடியல."

"அதனால எறக்கி என்கிட்ட வெச்சுட்டுப் போற."

அவள் அழுதாள். அன்றைய நாலு மணிக்குத் தான் எங்கே இருந்தோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். டவுன் வரை ஏற்றிவந்ததற்காக டான்டி மெர்ல் கொடுத்த கறிப்பலாவைச் சுட்டுத் தின்றுவிட்டு, மார்க்கெட் பக்கம் மர நிழலில் வண்டியை நிறுத்தி, நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அங்கிருந்து பெல்மாரி முக்கால் மணி நேரம்தான்.

ஜெஸ்டினா நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுப் போனாள். ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. அதில் உட்கார்ந்து வளைவு ரோட்டைப் பார்த்தார். இங்கே உட்கார்ந்தால் கடல் முதுகுப் பக்கம் போய்விடுகிறது. வருகிற வண்டிகள் மட்டும்தான் தெரிகின்றன. இரண்டரை ஆகி, மூன்றும் ஆகப்போயிற்று.

பயணிகள் தாங்களாகவே வண்டியில் ஏறிக்கொண்டார்கள். ஒரு பெண் இறங்கி அவரிடம் வந்தாள்.

"கெளம்பலாங்களா? கப்பலுக்கு நேரமாச்சு. நாங்களே எண்ணிட்டோம், பதினேழு பேரும் இருக்கோம்."

"இன்னும் ஒருத்தர் வரணும்மா," என்றார் வின்ஃபீல்ட், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் இருங்க."

அவள் வண்டிக்குத் திரும்பிப் போய் மற்றவர்களிடம் அதைச் சொன்னாள். யாரோ தங்களைப் போல ஒருவர்தான் தாமதம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர்களும் காத்திருந்தார்கள்.