யார் கையையும் பிடிக்காமல்

அறுபது தாண்டியவர்களுக்கு எடைப்பயிற்சி கற்றுக்கொடுப்பதைவிட வேலைநிறுத்தம் நடத்துவது சுலபம். இரண்டையும் செய்தவன் சொல்கிறேன். சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்துக்காக, மூட்டை எடையைக் குறைக்கச் சொல்லி ஆரியசாலைக் கடைத்தெருவில் முப்பது வருடம் கோஷம் போட்டேன். விழுந்து இடுப்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் சொன்ன பயிற்சியால் தேறியபின், வாரம் மூன்று நாள் வாசகசாலைக் கூடத்தில் “எடையைத் தூக்குங்கள்” என்று கெஞ்சுகிறேன். வயதானவர்களை நாற்காலியை விட்டு எழுப்பப் பார்த்த எல்லோருக்கும் என் எரிச்சல் புரியும்.

நோட்டீஸ்

பழக்கதோஷம், முதலில் ஒரு நோட்டீஸ் அடித்தேன். வயது ஏற ஏறத் தசை கரையும். முறையாக எடை தூக்கினால் தசையும் எலும்பும் பலப்படும், விழுவது குறையும், சர்க்கரை கட்டுக்குள் நிற்கவும் உதவும் என்று ஒரு பக்கம்.

அதைப் படித்து முதல் ஆளாக வந்தவர் அரிசி மண்டி சிவதாணு பிள்ளை. என் முதல் வேலைநிறுத்தமே அவர் கடை வாசலில்தான். கடையில் தாழ்வான பலகையில் உட்கார்ந்தால், எழுப்பிவிட இப்போது இரண்டு ஆள் வேண்டும். ஓணத்துக்குள் தானாக எழாவிட்டால் இனி வீட்டோடு இருக்க வேண்டியதுதான் என்று மகன் சொல்லிவிட்டான். கடை இல்லாமல் மனிதர் ஒரு மாதம் தாங்கமாட்டார். நோட்டீஸை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். “எங்கயும் ‘முதலாளி ஒழிக’ன்னு காணலியே வே, இது நீரு எழுதினதுதானா?”

பதில் ஆள்

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து தடவை, இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்குவது பத்து தடவை. இரண்டு வாரம் ஒழுங்காக வந்தார். மூன்றாம் வாரம் அவர் இடத்தில், அவர் கடையில் மூட்டை தூக்கும் மாடன் தோளில் துண்டோடு நின்றார்.

“முதலாளிக்கு ஒடம்பெல்லாம் க்ஷீணமாம் சகாவே. அவருக்கு உள்ள எடையை என்னைத் தூக்கிட்டு வரச் சொன்னாரு.”

நேரே கடைக்குப் போய், பழைய குரலில் கத்தினேன். பிள்ளைக்கு நான் எதற்குக் குதிக்கிறேன் என்றே விளங்கவில்லை. “ஆளை அனுப்பியிருக்கேனே வே, பின்ன என்ன?”

பேச்சுவார்த்தை

திரும்ப வந்தார், கோரிக்கையோடு. இரண்டு கிலோவை ஒன்றாக்க வேண்டுமாம். மறுத்து, அடுத்த வாரம் மூன்றாக்கினேன். மூட்டை எடையை அவர் குறைத்தது வேலைநிறுத்தத்தில் மூன்று வாரம் கடை நின்ற பிறகுதான் என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. “அன்னைக்கு நீரு கேட்டப்போ நான் குறைச்சேம்லா? ஒமக்கு மனசாட்சி உண்டா வே?”

ஓணத்துக்கு நாலு நாள் முன்

கடையில் அந்தத் தாழ்வான பலகையில் பிள்ளை உட்கார்ந்திருக்க, மகன் பார்த்துக்கொண்டு நின்றான். மாடன் வழக்கம்போல் கையை நீட்டினார். பிள்ளை அதைத் தட்டிவிட்டார். பாதத்தை ஊன்றி, முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டு, நான் சொன்ன வரிசை மாறாமல் எழுந்து நின்றார். மகன் கடைச் சாவியை அவர் கையில் வைத்தான்.

ஒரு வார்த்தையாவது வரும் என்று வாசலில் காத்திருந்தேன். பிள்ளை என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்துச் சொன்னார்: “வீட்டுக்காரி குடுத்த கஷாயம் வேலை செஞ்சிருக்கு, பாத்தேரா!”

நாங்கள் போராடிக் கூலி உயர்ந்தபோதும் முதலாளியின் நல்ல மனசு என்றுதான் ஊர் பேசியது; போகட்டும், திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு நான்கு கிலோ.