பதினோராவது கேள்வி

அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில், துணி துவைக்கும் அறையில் பதினேழு வருடம் தனியாக வேலை பார்த்தாள் லாண்ட்ரி அக்கா. இரண்டு பெரிய மெஷின், ஒரு இஸ்திரி மேசை, அவள். மேலே நானூறு பேர் படுத்திருந்தார்கள். கீழே வந்ததெல்லாம் அவர்களுடைய போர்வைகள்தான். அழுக்குத் துணி சுவரில் இருந்த குழாய் வழியாக விழும், துவைத்த துணி லிஃப்டில் ஏறும். ஈ காக்கா எட்டிப் பார்க்காது.

மேலே வார்டு உதவியாளராகப் போக ஒரு வாய்மொழித் தேர்வு இருந்தது. சுகாதாரம், உயிரியல், பொருளாதாரம், உலக வரலாறு, மொத்தம் பத்துக் கேள்வி. படுக்கை விரிக்க முதல் உலகப்போர் எதற்கு என்று என்னிடம் கேட்காதீர்கள். பாடத்திட்டம் போட்ட புண்ணியவானைக் கேளுங்கள். அக்கா இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி. தேறினாலும் சம்பளம் ஒன்றும் கூடிவிடாது. மேலே மனிதர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

படிக்கிறவளுக்குக் கேள்வி கேட்க ஆள் வேண்டுமே. வெளியூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டால், "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பாள். அந்த அப்புறம் வந்தபாடில்லை. கடைசியில் அக்கா தன் குரலிலேயே கேள்விகளை போனில் பதிவு செய்துகொண்டாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால், பதில் சொல்லப் பத்து விநாடி இடைவெளி.

"ரத்தத்துல ஆக்ஸிஜன எது சுமக்குது?"

"சிவப்பணு," என்பாள் தலையணை உறையை மடித்தபடி.

"பணவீக்கம்னா என்ன?"

"சாமான் அதேதான், விலை மட்டும் ஏறிட்டே போகும்."

பத்து முடிந்ததும் பதிவில் இன்னொன்று இருந்தது. பாடத்தில் இல்லாதது. "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்." பல நாள் அது பொய்.

தேர்வன்று எதிரே கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்காவின் பதில்கள் தடுமாறாமல் வந்தன. பத்தாவதாக, முதல் உலகப்போர் எந்த வருடம் முடிந்தது என்று கேட்டார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டு," என்றாள் அக்கா. அதே மூச்சில், "சாப்பிட்டேன்."

பேனா நின்றது. "என்னது?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல மேடம்... படிக்கறப்ப பத்து முடிஞ்சா 'சாப்பிட்டியா'ன்னு கேப்பாங்க."

"யாரு?"

"நான்தான் மேடம்."

அந்த அம்மா தாளில் கையெழுத்துப் போட்டார். "திங்கக்கிழமை மேல வந்துடுங்க."

திங்கட்கிழமை மூன்றாவது மாடி வார்டில் மதியம்வரை ஓட்டமும் நடையுமாகப் போனது. ஒரு சின்ன வயது நர்ஸ், கையில் டிபன் டப்பாவோடு அவளைக் கடந்து போனவள், திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

அக்காவுக்குத் தெரிந்த கேள்விதான். ஆனால் வாய் திறக்கவில்லை, கண்தான் நிறைந்தது. பத்து விநாடி போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. நர்ஸ் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றாள் அக்கா.