கத்தாத காகம்

எங்கள் இசை அல்பத்தின் கடைசிப் பாட்டை நான் பாடியிருக்கிறேன். அது நான் பாடியிருக்க வேண்டிய பாட்டு அல்ல. அது என் குரலில் வந்த விதத்தை இதுவரை ஒருவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நாங்கள் மூன்று பேர். நான் துறைமுகத்தில் ஓர் இழுவைப் படகில் எஞ்சின் பார்ப்பவன். கிற்றார் வாசிப்பேன், பாட்டு எழுதுவேன். என் தங்கச்சி பத்து வருடம் முறையாக வயலின் படித்தவள். மூன்றாவது ஆள் என் பள்ளிக்கூட நண்பன், நிலாவெளியில் ஒரு விடுதியில் வேலை செய்கிறான். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் பாஞ்சோ வாத்தியத்தை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவன் அதைக் கைபேசியில் காணொளி பார்த்தே பழகினான். புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். “இது பாட்டில்லை, ஓட்டப்போட்டி,” என்றாள் தங்கச்சி. ஒரு மாதத்தில் அவளுடைய வில்லும் சேர்ந்து ஓடத் தொடங்கிவிட்டது. என் பாட்டுகள் இண்டி ரொக் பக்கம் சாயும், அவன் பாஞ்சோ தன் பக்கம் இழுக்கும். அந்த இழுபறியில் எங்களுக்கென்று ஒரு சத்தம் வந்தது. சனி, ஞாயிறுகளில் நிலாவெளி விடுதிகளில் வாசித்தோம். பாடுவது நான் மட்டும்.

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்ததும் பயிற்சியைப் பாலையூற்றில் எங்கள் வீட்டு முன்னறைக்கு மாற்றினோம். பிள்ளையைப் பார்க்க, பிரசவமும் குழந்தைகளும் பார்க்கிற அந்தப் பகுதி மருத்துவமாது ஸ்கூட்டரில் வருவார். நாற்பதைத் தாண்டியவர், ஈச்சிலம்பற்றில் பிறந்தவர். நாங்கள் அவரை அக்கா என்போம். ஒரு நாள் பாட்டின் நடுவில் வந்துவிட்டார். நாங்கள் நிறுத்தப் போனோம்.

“நிப்பாட்டாதேங்கோ. நான் என்ர பாட்டில பிள்ளையை நிறுக்கிறன்,” என்றார்.

தராசைப் பார்த்துக்கொண்டே என் குரலுக்கு மேலே இன்னொரு குரலைப் போட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, முந்தி வந்த நாட்களில் காதில் விழுந்ததுதான். எங்கே ஏற வேண்டுமோ அங்கே ஏறினார். பாஞ்சோ நின்றுவிட்டது.

“அக்கா, அதை ஒருக்காத் தனியப் பாடுங்கோ,” என்றான் நண்பன்.

அது நான் இரண்டு வருடமாக எழுதிய பாட்டு. கப்பல் வரும்வரை படகில் காத்திருந்த நேரங்களில் வரி வரியாகச் சேர்த்தது. ‘நீ வருவாய் என்று துறைமுகம் காத்திருக்கும்’ என்று எழுதியிருந்தேன். அவர் அந்த வரிக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்து, ‘நீ வராட்டியும் துறைமுகம் திறந்திருக்கும்’ என்று பாடினார்.

“மறந்து போச்சு தம்பி, வாயில வந்ததைப் பாடிட்டன். பிழையெண்டாச் சொல்லுங்கோ.”

பிழையில்லை. அதுதான் என் வயிற்றில் தீயை வைத்தது. இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைக்காத வரி, பிள்ளையின் நிறையைக் குறித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு மூச்சில் கிடைத்திருந்தது. “நல்லாயிருக்கு அக்கா,” என்றேன்.

அவர் எங்களில் ஒருவரானார். விடுமுறை நாட்களில் நிலாவெளிக்கும் வந்தார். நான் பாடும்போது ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் வாயைத் திறந்தால் கரண்டியை வைத்துவிடுவார்கள். நான் அதைக் கவனித்துக்கொண்டே கிற்றார் வாசிப்பேன். எஞ்சின் அறையில், ஒருவருக்கும் கேட்காத இரைச்சலில், அவர் குரல் வளைகிற மாதிரி வளைத்துப் பார்ப்பேன். வராது.

அல்பம் போடுவோம் என்ற யோசனையைக் கொண்டுவந்தவன் நண்பன். எட்டுப் பாட்டு. கொழும்பிலிருந்து பழைய மைக் ஒன்று வாங்கி வந்தான். பழைய புளூகிராஸ்காரர்கள் செய்வதுபோல எல்லாரும் அந்த ஒரே மைக்கைச் சுற்றி நிற்க வேண்டும் என்றான். யாருடைய சத்தம் எவ்வளவு கேட்கும் என்பதை நிற்கும் தூரம்தான் தீர்மானிக்கும். ஒருவர் பிழைவிட்டாலும் பிறகு திருத்த முடியாது, முழுப் பாட்டையும் திரும்ப வாசிக்க வேண்டும். சுவர்களில் மெத்தைகளைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, நிலத்தில் சோக்கால் கோடு போட்டான். பாஞ்சோ சத்தம் கூடியது என்பதால் தன்னைக் கதவடியில் நிறுத்திக்கொண்டான். தங்கச்சிக்கு நின்று வாசித்துப் பழக்கமில்லை. மேசைமேல் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அக்காவின் கோடு. என்னுடையது அவருக்குப் பின்னால், இரண்டு எட்டுத் தள்ளி.

வியர்த்து ஒழுகிக்கொண்டு ஏழு பாட்டுகளை எடுத்து முடித்தோம். கோயில் ஒலிபெருக்கி ஓயும்வரை, பள்ளிவாசல் பாங்கு முடியும்வரை, பாண் விற்கும் ஓட்டோ தன் மெட்டோடு ஒழுங்கையைக் கடக்கும்வரை, பிள்ளை தூங்கும்வரை எல்லாவற்றுக்கும் காத்திருந்தோம். கடைசியாக அந்தத் துறைமுகப் பாட்டு.

மூன்றாவது தடவை வாசித்து முடிந்ததும் தங்கச்சி வில்லை மடியில் வைத்துவிட்டாள். பிறகு நண்பனுக்கு விடுதியிலிருந்து அழைப்பு வர, அவன் முற்றத்துக்குப் போனான். பிள்ளை அழுதது, தங்கச்சி உள்ளே போனாள். அக்கா தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனார். நான் தனியாக ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன்.

‘வராட்டியும்’ என்ற சொல்லில் அவர் குரல் மெல்ல உடைந்து, விழுமுன் தன்னைத் தானே பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை கேட்டேன். இது வெளியே போனால் இந்தப் பாட்டை நான் எழுதினேன் என்பதையே ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கை தானாகப் போனது என்று சொல்லமாட்டேன். யோசித்துத்தான் அந்தப் பதிவை அழித்தேன்.

எல்லாரும் வந்ததும், “நடுவில காகம் கத்தினது விழுந்திட்டுது. திருப்பி எடுப்பம்,” என்றேன்.

“எனக்குக் கேக்கேல்லையே,” என்றாள் தங்கச்சி.

“ஹெட்போனில நல்லாக் கேக்குது.”

நண்பன் என்னை நம்பினான். பிறகு ஐந்து தடவை எடுத்தோம். ஒவ்வொன்றிலும் நான் ஒரு குறை கண்டுபிடித்தேன். அக்காவின் குரல் கம்மிக்கொண்டு வந்தது. ஐந்தாவது முடிந்ததும் தொண்டையைத் தடவியபடி சொன்னார்:

“எனக்கு ஏலாது தம்பி. உங்கட பாட்டுத்தானே, நீங்களே பாடுங்கோ.”

அவருடைய கோட்டில் போய் நின்று பாடினேன். இரண்டே தடவையில் முடிந்தது. “நல்லாத்தான் இருக்கு,” என்றான் நண்பன். அந்தத் ‘தான்’ இன்னும் காதில் இருக்கிறது.

அல்பத்தை இணையத்தில் போட்டோம். தெரிந்தவர்கள் பாராட்டினார்கள். அடுத்த மாதம் நிலாவெளியில் அக்கா அதே பாட்டைப் பாடினார். முடிந்ததும் மூதூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் என்னிடம் நேராக வந்தார்.

“அல்பத்தில இதை ஏன் அந்த அக்கா பாடேல்லை?”

“அவவுக்குத் தொண்டை சரியில்லை,” என்றேன். பாதி உண்மை. அதன் பிறகு என்னால் அந்த அல்பத்தைப் போட்டுக் கேட்க முடியவில்லை.

இரண்டு கிழமை கழித்து அக்கா பிள்ளையைப் பார்த்துவிட்டுப் புறப்படும்போது படலைவரை கூடப் போனேன்.

“அக்கா, அண்டைக்குக் காகம் கத்தேல்லை.”

“தெரியும்,” என்றார். “நான் யன்னலைப் பாத்துக்கொண்டுதானே பாடினனான். அங்க ஒண்டுமில்லை.”

“பிறகேன் விட்டுத் தந்தனீங்கள்?”

“உங்கட முகத்தைப் பாத்தன். பிறகு பாட மனம் வரேல்லை. உங்கட வீடு, உங்கட பாட்டு.” ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தவர் கேட்டார்: “அந்த மூண்டாவதை வைச்சிருக்கிறியளே?”

“அழிச்சிட்டன்.”

அதுவரை அவர் முகத்தில் கோபம் இருக்கவில்லை. போட எடுத்த ஹெல்மெட்டை மடியில் வைத்தார்.

“வைச்சிருப்பியள் எண்டு நினைச்சனான். நானும் ஒருக்காக் கேட்டிருப்பன்,” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையைப் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. அது அவர் வேலை. பயிற்சிக்கு மட்டும் வரவில்லை.

போன வருடம் அவர் சொந்தமாகப் பாட்டு எழுதத் தொடங்கினார். நண்பனையும் தங்கச்சியையும் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. ஈச்சிலம்பற்றில் அவருடைய தம்பி வீட்டில் பதிவு செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி, “அண்ணா, பிள்ளையைப் பாக்க ஆளில்லை. வாறியளே?” என்றாள். போகமாட்டேன் என்று சொல்ல நினைத்து, வான் சாவியை எடுத்தேன்.

பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு வயல் வரம்பில் தூரமாகப் போனேன், பாட்டுக் கேட்காத தூரம். கேட்டால் குறை தேடுவேன் என்று என்னை எனக்குத் தெரியும். வெயில் தாழ்ந்து திரும்பியபோது அவர்கள் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா எனக்கும் தேத்தண்ணி தந்தார். பதிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் தங்கச்சி தன் கைபேசியில் முதற்பாட்டைப் போட்டாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு மருத்துவமாது வழி சொல்கிற பாட்டு. அதில் கிற்றாரே இல்லை. ஓரிடத்திலாவது என் கிற்றார் இல்லாத குறை தெரியாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். தெரியவில்லை.

“எப்பிடி அண்ணா?” என்று கேட்டாள்.

“நல்லாயிருக்கு,” என்றேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. திருப்பிப் போடச் சொன்னேன்.