பெட்டிக்கு அடியில் வைத்த ரப்பர்

தக்கலையில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சம். ஆனால் எந்த இரும்புத் துண்டைக் கொடுத்தாலும் கேட்ட அளவுக்குக் கடைந்து தருவேன், அதில் கூச்சமில்லை.

கல்லூரியில் இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் டீச்சர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் கல் மேசைமேல் நகம் அளவில் ஒரு தகடு இருந்தது. அசைவு பட்டால் அதில் துளி மின்சாரம் பிறக்கும். வராந்தாவில் ஆள் நடந்தால்கூடக் கணினித் திரையில் கோடு துள்ளும். அதை எந்திரங்களில் பொருத்தி, பேரிங் தேயத் தொடங்கும்போதே சொல்லிவிடும் கருவியாக விற்க வேண்டும் என்பது அவர் திட்டம். அதற்கு உப்புக்காற்றைத் தாங்கும் பெட்டி வேண்டும். அலுமினியத்தில் செய்து கொடுத்தேன்.

கடலோரக் குளச்சலில் ஐஸ் பிளாண்ட் வைத்திருந்த முதலாளி சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். சரியாக வந்தால் அவருடைய மற்ற இரண்டு பிளாண்டுகளுக்கும் வாங்குவதாகப் பேச்சு. டீச்சருக்கு அதுதான் முதல் விற்பனையாக இருக்கும். கம்ப்ரஸரின் மேல் நானே பெட்டியை போல்ட் போட்டு முடுக்கினேன்.

மூன்றாவது வாரம் முதலாளி கூப்பிட்டார். இருவரும் போய்ச் சேர்ந்தபோது பேரிங் தேய்ந்து, கம்ப்ரஸர் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் கொண்டுவந்த மடிக்கணினித் திரையில் கோடு அசையாமல் கிடந்தது.

"டீச்சரே, எனக்க காலுக்குத் தெரியுது, ஒங்க மிஷினுக்குத் தெரியல்லியே? நல்ல ஒறக்கமாக்கும்," என்றார் முதலாளி. "கழத்திக் கொண்டு போயிருங்க."

டீச்சரின் முகம் வாடிவிட்டது. "தகடுதான் சரியில்ல அண்ணே. லேபுல மறுபடியும் மொதல்ல இருந்து தொடங்கணும்," என்றார் என்னிடம்.

தகட்டில் குறையில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் ரப்பர் தோட்டம். மோட்டாரோ ஜெனரேட்டரோ, ஆட்டம் அடங்க அடியில் ரப்பர் ஷீட் வெட்டி வைக்காமல் எதையும் நான் உட்கார வைத்ததில்லை. இந்தப் பெட்டிக்கும் வைத்திருந்தேன். டீச்சர் தந்த வரைபடத்தில் அது கிடையாது. பத்திரமாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் நானாகச் சேர்த்தது. அசைவை உணர வேண்டிய கருவிக்கு அசைவே போய்ச் சேராதபடி செய்து வைத்திருந்தேன்.

முதலாளியும் கம்ப்ரஸரை ஓட்டும் ஆபரேட்டரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்லாவிட்டால், சரியாக இருக்கும் ஒன்றைத் திருத்த டீச்சர் வருடக்கணக்கில் உட்காருவார்.

"டீச்சர், தப்பு எனக்கதாக்கும்," என்றேன். "அடியில ரப்பர் வச்சுப்போட்டேன். மிஷின நிப்பாட்டச் சொல்லுங்க, நேரா இரும்புல முடுக்கித் தாரேன்."

ரப்பரை உருவி எறிந்து, கம்ப்ரஸரின் பெயின்டைச் சுரண்டிவிட்டுப் பெட்டியை முடுக்கினேன். எந்திரம் ஓடத் தொடங்கியதும் கோடு திரையின் மேல் விளிம்பு வரை எகிறியது.

"அப்போ மூணு வாரமா அதுக்கு மெத்தை விரிச்சு ஒறங்க வச்சது நீருதானா ஓய்?" என்றார் முதலாளி. ஆபரேட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சர் சிரிக்கவில்லை. "வேற என்னெல்லாம் நீங்களா சேத்தீங்க அண்ணே?"

"வயர் வாற ஓட்டையில ஒரு ரப்பர் வளையம். உப்புத்தண்ணி கேறாம இருக்க."

டீச்சர் மறுபடி எந்திரத்தை நிறுத்தச் சொல்லிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஈரமே இல்லை. வரைபடத்தை எடுத்து அந்த வளையத்தை அதில் வரைந்துகொண்டார்.

புதுப் பேரிங் மாட்டியதும் கோடு அடங்கிவிட்டது. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு முதலாளி எங்களை அழைத்தார். "மத்த ரெண்டு பிளாண்டுக்கும் வேணும். முடுக்க இவருதான் வரணும்," என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, "எப்போ தருவீரு?" என்று என்னைக் கேட்டார். அதுவரை இப்படிப்பட்ட கேள்விகளுக்கு டீச்சர்தான் பதில் சொல்வார்.

"பத்து நாளு," என்றேன்.