கட்டை மூச்சை உள்ளிழுக்கும் நேரம்

பராங்கா கரையில் கிளெனிஸ் டிரான்டரின் முதல் அலைச்சறுக்குப் பலகைக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: அம்மை போட்டவள். ஃபோம் கட்டையை இழைத்து அவள் கொண்டுவந்த வளைவில் ஒருவரும் குறை காணவில்லை. மேலே ரெசின் என்னும் பிசினை ஊற்றி ஒட்டிய கண்ணாடி இழைத் துணிக்கு அடியில்தான் காற்றுக் குமிழ்கள் கொப்புளம் கொப்புளமாக நின்றுவிட்டன. குமிழ் உடைந்தால் உப்புத் தண்ணீர் இறங்கி, கட்டை ஊறிப்போகும்.

அந்தக் கரைச் சங்கத்தில் ஒரு வழக்கம். வீட்டில் செய்த பலகையை மரத்தாங்கிகள் மேல் கிடத்தி, உறுப்பினர்கள் ஒவ்வொருவராக உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். ஒரு குமிழ் தட்டுப்பட்டாலும் சங்கத்தின் சுறாப் படம் போட்ட ஒட்டு முத்திரை கிடையாது. முத்திரை இல்லாத பலகை கோடைப் போட்டிக்கு ஆகாது. அதுவரை எந்தப் பெண்ணின் பலகைக்கும் அது விழுந்ததில்லை.

"பேசாம கெவின்கிட்ட விட்டுடு கிளெனிஸ். உம் புருஷன் படகு கட்டுறவன்தானே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் சங்கச் செயலாளர் டாரல்.

"எனக்குத் தெரியுமே."

ரொட்டிக்கடையில் விடியுமுன்பே அடுப்பு மூட்டுகிறவள் அவள். காலையில் வேலை முடிந்து வந்ததும் வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் நுழைவாள், மத்தியானத்துக்குமேல் தூங்கிவிடுவாள். குமிழ்களுக்குத் தன் கையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். ரெசினில் அதை இறுகவைக்கும் மருந்தைச் சேர்த்து அடிக்காமல் மெல்லச் சுற்றிக் கலக்கப் பழகினாள். ரெசினைப் பரப்பும் ரப்பர் தகட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே சீராக இழுக்கப் பழகினாள். துண்டுக் கட்டையில் செய்து பார்த்தாலும் குமிழ் வந்தது.

ஒருநாள் அப்படியொரு துண்டை முடித்துவிட்டுத் தேநீருடன் எதிரில் உட்கார்ந்தாள். துணி ரெசினில் ஊறித் தெளிந்து, கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. வெயில் ஏறத் தகரக் கூரை படக் படக்கென்று விரிந்தது. அவள் கை படாத இடத்தில் ஒரு குமிழ் எழுந்தது. தள்ளி இன்னொன்று. கோப்பை கையில் ஆறிப்போனது. தினமும் அடுப்பில் மாவு உப்புவதைப் பார்க்கிறவளுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூடு ஏற ஏறக் கட்டை மூச்சு விடுகிறது. உள்ளே அடைபட்ட காற்று ஈர ரெசின் வழியாக வெளியே வரப் பார்க்கிறது. சூடு இறங்கும் நேரத்தில் ஊற்றினால் கட்டை ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கடை விடுமுறையன்று மத்தியானத் தூக்கத்தைத் துறந்தாள். வெயில் சாய்ந்து கூரை குளிரத் தொடங்கியபின், புதிதாக இழைத்த பலகைமேல் ஊற்றினாள். வால் பக்கம் துணி ரெசின் ஊறாமல் வெளுத்து நின்றது. மேலும் மேலும் தேய்க்கக் கை துறுதுறுத்தது. தேய்த்தால் ரெசின் நுரைத்துவிடும். ஒருமுறை அழுத்தி இழுத்தாள்; தகட்டைக் கீழே வைத்துவிட்டாள். வெண்மை மெல்ல மறைந்தது.

கெவின் கதவருகே வந்து நின்றான். "பெரிய விளக்கைப் பக்கத்துல வச்சா சீக்கிரம் காயுமே, கண்ணு."

"விளக்கு உள்ள வந்துச்சுன்னா உன்னையும் சேர்த்து ஒட்டிடுவேன்."

"சரி தாயே," என்று விளக்கோடு திரும்பிப் போனான்.

சங்கம் கூடும் நாளன்று பலகையைத் தாங்கியில் கிடத்திவிட்டு அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டாரல் முதலில் தடவினான். பிறகு குனிந்து கன்னத்தை வைத்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தான். திரும்பவும் வாலிலிருந்து தொடங்கினான்.

"என்னப்பா, மசாஜா பண்றே? நகரு, நாங்களும் பாக்கணும்," என்றான் பின்னால் நின்றவன்.

"கெவின், நெசமாச் சொல்லு. உன் கை பட்டுச்சா?" என்று நிமிர்ந்து கேட்டான் டாரல்.

"கொட்டகைக்குள்ளயே என்னை விடலப்பா," என்றான் கெவின். அதைச் சொல்லும்போது அவன் குரலில்தான் அதிகப் பெருமை இருந்தது.

டாரல் முத்திரையை எடுத்துவந்து, பலகையின் மூக்கில் கோணாமல் ஒட்டினான். "நீ எப்படிச் செஞ்சேன்னு ஒருநாள் சொல்லு," என்று முணுமுணுத்தான்.

"சாயங்காலமா வா. காலையில வந்தா கதவு திறக்கமாட்டேன்."

அலைகள் நன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பலகையோடு கடலில் இறங்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் தடவிப் பார்க்க இன்னும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முத்திரை விழுந்தபிறகும் ஒருவரும் கலையவில்லை. கிளெனிஸ் மணலில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவசரமில்லை.