பச்சை மரம்

முதியோர் இல்லத்தின் அடித்தளத்தில் இருபத்திரண்டு வருஷமாக மரச்சில்லை எரித்து நான்கு மாடிக்கும் சூடு அனுப்பியவர் பாய்லர்காரர். யாரையும் லேசில் நம்பாத மனிதர். வந்து இறங்கும் ஒவ்வொரு லோடிலும் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி பாய்லர் மேல் வைப்பார். கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் பச்சை மரம். லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். லாரிக்காரர்கள் அவருக்கு ‘ஜாடி’ என்றே பேர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தக் குளிர்காலத்தில் சில்லு கொண்டுவரும் வேலை அவருடைய மச்சினன் கைக்குப் போனது. பெண்டாட்டியின் தம்பி, வாயைத் திறந்தால் புளுகு. முதல் லோடே பச்சை மரம். பாய்லர்காரர் முடியாது என்றார். மச்சினன் நேரே மேனேஜரிடம் போய், அக்கா புருஷனுக்குத் தன்மேல் பொறாமை என்று கண்ணைக் கசக்கினான். மேனேஜருக்கு மரமும் தெரியாது, மண்ணும் தெரியாது. பாய்லர்காரரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அதையே எரிக்கச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஆத்திரத்தில் கேட்கவில்லை. நாசமாய்ப் போகட்டும் என்று கறுவிக்கொண்டே அள்ளிப் போட்டார்.

பத்தாம் நாள் புகைபோக்கியில் ஈரப்புகையின் தார் அடைத்துப் பாய்லர் நின்றது. கிழங்கள் எல்லாம் குளிரில் விறைத்துப் போயின. எரிக்கச் சொல்லவே இல்லை என்று மேனேஜர் சாதித்தார். மரம் எலும்பாய்க் காய்ந்தது, பாய்லருக்குக் காற்றை அளவாக விடத்தான் ஆளுக்குத் தெரியவில்லை என்றான் மச்சினன். பாய்லர்காரரின் வேலை ஊசலாடியது.

அவருக்கு இருந்தது ஒரே சாட்சி. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மாமியார், மச்சினனைப் பெற்றவள். எரிக்கச் சொன்ன அன்று மேனேஜர் அறையில் மகனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். விசாரித்தபோது, தனக்கு ஒன்றும் தெரியாது, மாப்பிள்ளைக்கு முன்கோபம் ஜாஸ்தி, வேண்டுமென்றே கெடுத்திருப்பார் என்று சொல்லிவிட்டாள். மத்தியானமே அவரிடமிருந்து பாய்லர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறிப்போனார். மூன்று கம்பளிக்குள் கிடந்தாள் கிழவி.

“மேனேஜர் எரிக்கச் சொன்னது உங்க காதுல விழலயா?”

“விழுந்துச்சு மாப்பிள்ளை. பச்ச மரம்னும் தெரியும். ஆனா அவன் நான் பெத்த புள்ள. நீங்க யாரு?”

அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

“போறப்ப கதவ சாத்திட்டுப் போங்க. குளிருது.”

கதவை விரியத் திறந்து, மூடாதபடி நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.