கண்ணாடிப் பேழைக்குள் ஒரு தாயத்து

காலை 9.10. பென்டில் ஹில் ரயில் நிலையம். தம்பி மனைவி நிலா, நான், தள்ளுவண்டியில் ஏழு மாதக் குழந்தை இனியன். சிட்னி நகரம் இங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ரயிலில் ஐம்பது நிமிடம். எகிப்தியப் பொருட்களுக்கென்று தனிக்கூடம் உள்ள அருங்காட்சியகம் ஒன்றுக்குப் போகிறோம்.

ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். திருச்சியிலிருந்து நான் கொண்டுவந்த வெள்ளித் தாயத்தைக் குழந்தை கழுத்தில் கட்ட நிலா சம்மதிக்கவில்லை. "கயிறு சுத்தி மூச்சடைச்சுப் போகும் எண்டு நேர்ஸ் சொன்னவ, மச்சாள்" என்றாள். யாழ்ப்பாணத்துப் பெண், நாத்தனார் என்னை மச்சாள் என்பாள்; சொன்னால் சொன்னதுதான். இன்று காலை 7.40க்கு அவள் குளிக்கப் போனபோது, கறுப்புக் கயிற்றில் கோத்து நானே கட்டி, சட்டைக்குள் மறைத்துவிட்டேன்.

10.35. அனுமதி இலவசம். முதலில் பெஸ் என்ற குள்ளத் தெய்வம்: சிங்கக் காது, வெளியே நீட்டிய நாக்கு. பிள்ளை பெறும் இடத்தில் தீமையை மிரட்டி விரட்டுவது இவன் வேலை.

"எங்க ஊர்ல புது வீட்டு வாசல்ல தொங்குற திருஷ்டிப் பொம்மையேதான்" என்றேன்.

"பிள்ளைக்கு நாப்பி மாத்தச் சொன்னா உங்கட தம்பியின்ர முகமும் இதேதான்."

அடுத்து தவெரெத். நீர்யானை உடல், நிறைமாத வயிறு, கர்ப்பிணிகளுக்குக் காவல். நிலா சிரித்தாள். "போன வருசத்து நான்!"

11.05. மூன்றாவது பேழையில் திடுக்கிட்டு நின்றுவிட்டேன். விரல் நீளத்தில் உலோகக் குழல், தொங்கவிட வளையம். எங்கள் கடைத்தெரு ஆசாரி செய்து தந்தது போலவே இருந்தது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் பழையது. தெய்வம் குழந்தைக்குக் கொடுத்த வாக்கை எழுதிச் சுருட்டி இதனுள் வைப்பார்களாம்: பாம்பிலிருந்து காப்பேன், தேளிலிருந்து காப்பேன், இடிந்து விழும் சுவரிலிருந்து காப்பேன். குறிப்பை இருமுறை படித்தேன். கயிறு அந்தப் பட்டியலில் இல்லை.

பக்கத்துப் பேழையில் ஒரு குழந்தையின் மம்மி. என் கை நீளம்கூட இல்லை.

திரும்பினேன். இனியன் தலை சரிந்து தூங்கிக்கொண்டிருந்தான். சட்டைக்குள் விரலை விட்டேன். கயிறு இல்லை. முதுகுப்பக்கம் தேடினேன். இல்லை.

"என்ன தேடுறியள், மச்சாள்?"

"கயிறு... காலையில நான்தான் கட்டினேன். காணோம்மா."

"எட்டரைக்குப் பால் குடுக்கேக்க கண்டனான். குழலை வாய்க்குள்ள வச்சிருந்தவன். கயிறு இறுகிக் கழுத்து சிவந்துபோச்சு."

குனிந்து இனியன் கழுத்தைப் பார்த்தேன். "ஏம்மா அப்பவே சொல்லலை?"

"நீங்களே சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ரயில்ல ஐம்பது நிமிசம் இருந்தது."

அவள் குரல் உயரவேயில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தூக்கிப் போட்டுட்டியா?"

"மனம் வரேல்லை." தள்ளுவண்டிக் கைப்பிடியில் இருந்து கையை எடுத்தாள். அங்கே தாயத்து, மூன்று முடிச்சோடு. "அவனுக்கு எட்டாது. எனக்கு எட்டும்."

1.22. திரும்பும் ரயில். திருச்சியில் எங்கள் தெருவில் பெரும்பாலான குழந்தைகள் கழுத்திலும் கயிறு உண்டு. அதன் நீளத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் மணி பார்த்து எழுதும் நானும்தான்.

பென்டில் ஹில்லில் இறங்கியதும், "நான் தள்ளிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். நிலா சற்று யோசித்துத்தான் கைப்பிடியை விட்டாள். வீடு வரும்வரை என் பக்கத்திலேயே நடந்தாள்.